ஷேக்கர் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளி – ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளி விழாக் காணும் நமது கல்விக் கழகத்தின் மலரில், கடல் கடந்த நாடொன்றின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை நம் பெரியோர் அயலார் கதையாக ஒருபோதும் கருதியதில்லை. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் தமது ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டபோது, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அதனைக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கறுப்பினப் பேரறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியை அனுப்பி உதவுமாறு வேண்டினார். டு பாய்ஸும் அன்போடு விடை எழுதினார். அந்த உறவின் வழியில் நின்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஷேக்கர் ஹைட்ஸ் எனும் புறநகரின் அரசுப் பொது உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம். நம்மைப் பற்றியும் எழுதிய ஓர் ஆப்பிரிக்க அறிஞர் இப்பள்ளியின் வரலாற்றில் குறுக்கிடுகிறார். அவரை உரிய இடத்தில் காண்போம்.

ஈரி ஏரிக் கரையில் அமைந்த கிளீவ்லாந்து, எஃகு ஆலைகளால் செழித்த மாநகரம். அதன் கிழக்கே உயர்ந்த மேட்டு நிலத்தில் 1822-இல் ‘ஷேக்கர்’ எனும் கிறித்தவ சமயக் குழுவினர் குடியேறினர். வழிபாட்டின்போது உடல் குலுங்க ஆடியதால் அவர்களுக்கு அப்பெயர் வந்தது. துறவு நெறி பூண்ட அக்குழு நாளடைவில் சுருங்கி, 1889-இல் அந்நிலத்தை விட்டு நீங்கியது. பின்னர் வான் ஸ்வெரிங்கன் எனும் உடன்பிறந்தார் இருவர் அந்நிலத்தை வாங்கி, செல்வர் வாழ்வதற்கான தோட்ட நகரம் ஒன்றைத் திட்டமிட்டு எழுப்பினர். மாநகரின் நடுப்பகுதியோடு இணைக்கும் மின்சார இரயில் பாதை 1920-இல் ஓடத் தொடங்கியது. ஏரிகள், மரநிழல் வீதிகள், வீட்டின் வடிவத்துக்கும் வண்ணத்துக்கும்கூட விதிகள் என அந்நகரம் வளர்ந்தது.

வீட்டுக்கு விதித்ததுபோலவே வீட்டில் வாழ்வோர்க்கும் விதி இருந்தது. 1920-களின் நடுவில், நிலப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை புகுத்தப்பட்டது: நிறுவனத்தின் இசைவோ, அண்டை வீட்டாரில் பெரும்பாலோரின் இசைவோ இன்றி எவரும் வீட்டை விற்கலாகாது. இன்னார்க்கு விற்கக்கூடாது என்று அதில் எழுதப்படவில்லை. எனினும் கறுப்பின மக்களும், யூதர்களும், கத்தோலிக்கரும் நுழைவதைத் தடுக்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. சேரிக்கும் ஊருக்கும் இடையே உள்ள எல்லை எந்த அரசாணையிலும் எழுதப்படாமலே காலங்காலமாகக் காக்கப்பட்டு வருவதை அறிந்த நமக்கு, இதனை விளங்கிக்கொள்வதில் இடர்ப்பாடு ஏதும் இல்லை.

1931-இல் அப்புறநகர் நகராட்சித் தகுதி பெற்றது. உயர்நிலைப் பள்ளியின் இன்றைய கட்டடம் திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அங்கு உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளது. நம் மேல்நிலைப் பள்ளிக்கு ஒப்பாகும். கட்டணம் கிடையாது, அவ்வூரில் குடியிருக்கும் எவர் வீட்டுப் பிள்ளையும் சேரலாம். ஆனால் அவ்வூரில் குடியிருப்பதற்கே பெரும்பொருள் வேண்டும் என்பதை மறத்தலாகாது. அமெரிக்காவில் பள்ளியின் வருவாயில் பெரும்பகுதி அவ்வவ்வூர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீட்டின் விலை உயர்ந்தால் வரி உயரும். வரி உயர்ந்தால் பள்ளி சிறக்கும். ஏழையர் ஊரில் இது தலைகீழாகும். இவ்வாறு வீட்டு வரியையே பெரிதும் நம்பிய நிதிமுறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன் எத்தனை தலைமுறை கடந்துவிட்டது!

வளம் மிக்க ஊராதலின் பள்ளியும் வளம் மிக்கதாயிற்று. ஆய்வுக்கூடங்கள், நாடக அரங்கு, இசைக்குழுக்கள், மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து நடத்தும் ‘ஷேக்கரைட்’ எனும் செய்தித்தாள் ஆகியவற்றோடு, கோள்களையும் விண்மீன்களையும் காட்டும் கோளரங்கம் ஒன்றும் அப்பள்ளியில் உண்டு. கோளரங்கத்தைக் காண வேண்டுமானால் நம் பிள்ளைகளைச் சென்னைக்கோ திருச்சிக்கோ சுற்றுலா அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. திரைப்பட நடிகர் பால் நியூமன் 1943-இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தது இப்பள்ளியிலிருந்துதான்.

இனம் காரணமாக வீட்டு விற்பனையைத் தடுக்கும் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. 1954-இல் பிரவுன் வழக்கில், இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பும் வந்தது. இதன் பின்னர், படித்து முன்னேறிய கறுப்பினக் குடும்பங்கள் சில, ஷேக்கர் ஹைட்ஸின் எல்லையில் உள்ள லட்லோ எனும் பகுதியில் வீடு வாங்கத் தொடங்கின. 1956-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் அங்கே கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கார்க் கொட்டகையில் குண்டு வெடித்தது. அவர் வீட்டைக் கட்டி முடிப்பதினின்று பின்வாங்கவில்லை.

அதன் பின் நிகழ்ந்ததே வியப்பு. அப்பகுதியில் வாழ்ந்த வெள்ளையர் சிலரும் கறுப்பினத்தார் சிலரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிப் பேசலாயினர். 1957-இல் லட்லோ சமூக மன்றம் எனும் அமைப்பு உருவாயிற்று. கறுப்பினத்தார் வந்துவிட்டனர், வீட்டின் விலை விழும் என்று அச்சமூட்டி வெள்ளையரை விற்கச் செய்யும் தரகர்களின் சூழ்ச்சியை அம்மன்றம் எதிர்த்தது; வெள்ளையர் அங்கு வீடு வாங்கக் கடனுதவியும் செய்தது. இரு சாராரும் கலந்தே வாழும் நிலையைக் காப்பது மன்றத்தின் நோக்கம். இந்நோக்கத்துக்காக வெள்ளையரைத் தேடித் தேடி அழைத்து, கறுப்பினத்தார்க்கு அத்தகைய அழைப்பு விடுக்காததைக் கறுப்பினத்தாரே சிலர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே என்பது நம் கருத்து. ஆயினும் குண்டு வெடித்த பகுதியில் ஈராண்டுக்குள் ஒரு மன்றம் தோன்றியதை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

இதனை அண்டை மாநகரோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். கிளீவ்லாந்தில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் நிரம்பி வழிந்து, அரை நாள் ஒரு கூட்டம், அரை நாள் மற்றொரு கூட்டம் என வகுப்பு நடந்தது; அதே வேளையில் வெள்ளையர் பள்ளிகளில் இடம் காலியாகக் கிடந்தது. பெற்றோர் போராடியதன் பேரில், 1960-களின் தொடக்கத்தில் கறுப்பினப் பிள்ளைகள் பேருந்தில் ஏற்றப்பட்டு அப்பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அனுப்பப்பட்ட பிள்ளைகள் தனி வகுப்பறையில் அமர்த்தப்பட்டனர். உணவுக்கூடத்தில் உண்ணலாகாது, உடற்பயிற்சிக்கூடத்தில் ஆடலாகாது, கழிவறைக்குச் செல்வதற்கும் குறித்த நேரம். பள்ளி ஒன்றே, தீண்டாமையும் ஒன்றே! தனித்து வைப்பதை நிலைப்படுத்தும் வகையில் புதிய பள்ளிகள் கட்டப்படுவதை எதிர்த்து 1964 ஏப்ரல் 7-ஆம் நாள் நடந்த மறியலில், புரூஸ் கிளண்டர் எனும் இளம் வெள்ளைக்காரப் பாதிரியார் மண் தள்ளும் எந்திரத்தின் பின்னால் தரையில் படுத்தார். அவர் படுத்திருப்பதை அறியாமல் ஓட்டுநர் எந்திரத்தைப் பின்னோக்கிச் செலுத்த, அவர் உயிர் துறந்தார். மாநகரப் பள்ளிகளின் பிரிவினையைப் போக்கப் புறநகர்களையும் கட்டாயப்படுத்த இயலாது என்ற பொருள்பட 1974-இல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஷேக்கர் ஹைட்ஸ் தன் பள்ளிகளில் செய்தவற்றை எந்த நீதிமன்றத்தின் ஆணைக்கும் அஞ்சிச் செய்யவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அது செய்தது யாது? உயர்நிலைப் பள்ளி ஊருக்கு ஒன்றே ஆதலால் அங்கு எல்லாரும் ஒன்றாகவே சேர்ந்தனர். தொடக்கப் பள்ளிகள் பகுதிக்கு ஒன்றாக இருந்தன. அவற்றுள் மோர்லண்ட் எனும் பகுதியின் பள்ளியில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகளாயினர். அக்குழந்தைகளை மட்டும் பேருந்தில் ஏற்றி வெள்ளையர் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்புவது என்று கல்வி வாரியம் முதலில் திட்டம் தீட்டியது. ‘சுமை எங்கள் குழந்தைகளுக்கு மட்டுந்தானா?’ என்று மோர்லண்ட் பெற்றோர் கேட்டனர். அக்கேள்வியின் நியாயத்தை உணர்ந்த வெள்ளையர் குடும்பங்கள் பல, தம் குழந்தைகளை மோர்லண்டுக்கு அனுப்பத் தாமே முன்வந்தன. அவ்வாறு இரு திசையிலும், விருப்பத்தின் பேரில், 1970-இல் தொடங்கியதே ‘ஷேக்கர் திட்டம்’. பின்னர் 1987-இல் மோர்லண்ட், லட்லோ உள்ளிட்ட நான்கு தொடக்கப் பள்ளிகளை மூடி, எல்லாப் பள்ளிகளிலும் இரு சாராரும் கலந்திருக்குமாறு எல்லைகள் திருத்தி அமைக்கப்பட்டன. மோர்லண்ட் பள்ளிக் கட்டடம் இன்று அவ்வூரின் பொது நூலகமாக விளங்குகிறது.

இவ்வளவையும் படிக்கும் இளைஞர்கள், இனி என்ன குறை என்று எண்ணக்கூடும். குறை வகுப்பறைக்குள் இருந்தது.

பெரும்பாலான அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் போலவே இங்கும் ஒரே பாடம் பல தரங்களில் கற்பிக்கப்பட்டது. அடிப்படைப் பயிற்சி பெறுவோர்க்கு ஒரு வகுப்பு. கல்லூரி செல்ல விழைவோர்க்குப் பொது நிலையில் ஒரு வகுப்பு. அதற்கு மேல் ‘ஹானர்ஸ்’ எனும் சிறப்பு வகுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே கற்பிக்கும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்’, சுருக்கமாக ‘ஏபி’ வகுப்பு. மாணவன் தான் விரும்பும் தரத்தில் சேரலாம் என்பதே விதி. நடைமுறையோ வேறு. மேல் தர வகுப்பில் சேர முந்தைய ஆண்டுகளின் அடித்தளம் வேண்டும். அந்த அடித்தளம் அமைகிறதா என்று ஐந்தாம் வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளும் பெற்றோர் வேண்டும். ‘உன்னால் முடியும், சேர்’ என்று சொல்லும் ஆசிரியர் வேண்டும். 1990-களில் அப்பள்ளி மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தார். ஆனால் ஏபி வகுப்பின் கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்போர் பெரும்பாலும் வெள்ளையர். கீழ்த்தர வகுப்பின் கதவைத் திறந்தால் உள்ளே இருப்போர் பெரும்பாலும் கறுப்பினத்தார். நடைக்கூடத்தில் எல்லாரும் கலந்து நடப்பர். மணி அடித்ததும் நிற வாரியாகப் பிரிந்து செல்வர்.

ஆசிரியப் பணியில் உள்ள நமக்கு இது புதிதன்று. நாம் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவில் தொடங்கி ‘ஈ’ பிரிவு வரை சென்றது. மதிப்பெண் வாரியாகப் பிரித்தோம் என்றே சொல்வார்கள். ‘ஈ’ பிரிவின் வருகைப் பதிவேட்டில் பெயர்களைப் படித்தால் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று ஊரார் அனைவரும் சொல்லிவிடுவர். ஆங்கில வழிப் பிரிவு என்று வந்த பிறகு அதே வேலையை அது செய்கிறது.

இந்தக் குறையைக் களையப் பள்ளி மேற்கொண்ட திட்டங்கள் பல. பள்ளி நேரம் முடிந்தபின் பாடத்தில் துணைபுரியும் மையம் நடந்தது. 1983-இல் மாணவர்களே தொடங்கிய இன உறவு மாணவர் குழு ஒன்று இன்றளவும் இயங்குகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் குழுக்களாகச் சிறுவர் வகுப்புகளுக்குச் சென்று, ஒதுக்கி வைத்தல் என்பது என்ன, அது எப்படித் தொடங்குகிறது, ஒதுக்கப்பட்டவன் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பவற்றை விளையாட்டு வாயிலாகவும் உரையாடல் வாயிலாகவும் உணர்த்துவர். நல்ல முயற்சியே. எனினும் நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று.

1990-இல் தொடங்கிய ‘மேக் ஸ்காலர்ஸ்’ திட்டத்தையே நாம் குறிப்பிடுகிறோம். சிறுபான்மையினர் கல்வி மேம்பாட்டுக் குழு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே ‘மேக்’ எனும் சொல்லாகும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் நல்ல மதிப்பெண் பெறும் கறுப்பின மாணவர்களைப் பள்ளி தேர்ந்தெடுக்கிறது. கீழ் வகுப்புகளில் பின்தங்கி, ஆனால் முயன்றால் முன்னேறக்கூடிய கறுப்பின மாணவர்களை அவர்களிடம் ஒப்படைக்கிறது. மூத்த மாணவர்கள் கூட்ட நாளில் டை அணிந்து வருவர். புதிதாகச் சேரும் இளையவன் ஒவ்வொருவர்க்கும் கைகொடுத்துத் தன் பெயரைக் கூறி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். கண்ணைப் பார்த்து, உறுதியாகக் கைகுலுக்க வேண்டும். உறுதிமொழி ஒன்றை எல்லாரும் சேர்ந்து சொல்வர். பின்னர் மூத்தவர்கள் தாம் எப்படிப் படித்தோம், எந்தப் பாடத்தில் விழுந்தோம், எப்படி எழுந்தோம் என்று பேசுவர். ஆசிரியர் உடனிருப்பார், நடத்துவோர் மாணவர்களே. பின்னாளில் மாணவியர்க்கும் இதுபோன்றதொரு குழு ஏற்பட்டது.

டை கட்டுவதிலும் கைகுலுக்குவதிலும் என்ன இருக்கிறது என்று நகைப்போர் உண்டு. நாம் நகைக்கமாட்டோம். நன்றாகப் படிக்கும் கறுப்பின மாணவனை அவன் நண்பர்களே ‘வெள்ளைக்காரன்போல் நடிக்கிறாயா?’ என்று கேலி செய்யும் வழக்கம் அங்கு இருந்தது. தனியாக இருந்தால் அக்கேலிக்கு அஞ்சிப் புத்தகத்தை மூடி வைப்பான். முப்பது பேர் டை கட்டி ஒன்றாக நடந்து வரும்போது கேலி செய்வோன் வாய் தானே அடங்கும். படிப்பது நம் இனத்தார்க்கு உரிய செயல் என்பதை ஊரறியச் செய்வதற்கே அந்த டை.

இனி 1997-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ‘ஷேக்கரைட்’ செய்தித்தாளில் கறுப்பின, வெள்ளை மாணவர்களின் தேர்ச்சி நிலையை ஒப்பிட்டுக் காட்டும் விவரங்கள் வெளியாயின. மதிப்பெண் பட்டியலின் மேல்முனையில் கறுப்பினத்தார் அரிதாகவும், தோல்வியுற்றோரில் அவர்களே மிகுதியாகவும் இருப்பது வெட்ட வெளிச்சமாயிற்று. ஊர் கொந்தளித்தது. எம் பிள்ளைகளை இழிவுபடுத்தி விட்டீர்கள் என்று கறுப்பினப் பெற்றோர் சினந்தனர். சினம் தணிந்தபின் ஒரு கேள்வி எஞ்சியது. இவர்கள் வறியவர் அல்லர்; மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், அரசு அலுவலர் எனப் பலர் நல்ல நிலையில் உள்ளவர். பள்ளியோ நாட்டின் சிறந்த பள்ளிகளுள் ஒன்று. பின் ஏன் இந்த வேறுபாடு? விடை காணக் கறுப்பினப் பெற்றோரே ஓர் ஆய்வாளரை அழைத்தனர்.

அவர்தாம் நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட அறிஞர் ஜான் ஓக்பு. 1939-இல் நைஜீரியாவில் பிறந்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக விளங்கியவர். 1978-இல் அவர் வெளியிட்ட ‘சிறுபான்மையினர் கல்வியும் சாதியும்’ எனும் பொருள்படும் நூலில் அமெரிக்கக் கறுப்பினத்தாரோடு ஜப்பானின் புராக்கு மக்களையும், நியூசிலாந்தின் மாவோரிகளையும், இந்தியாவின் பட்டியல் சாதியினராகிய நம்மையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். தாமே விரும்பிக் குடியேறிய சிறுபான்மையினர் வேறு. வென்றும் அடிமைப்படுத்தியும் பிறப்பால் இழிவு சுமத்தியும் கீழே தள்ளப்பட்ட சிறுபான்மையினர் வேறு என்பது அவர் கோட்பாடு. பின்னவரைச் சாதி ஒத்த சிறுபான்மையினர் என்றே அழைத்தார். படித்தாலும் வேலை தரப்படாது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட சமூகத்தில், பள்ளியின்மீது நம்பிக்கை தேய்வது இயல்பு என்று அவர் விளக்கினார்.

ஓக்பு ஷேக்கர் ஹைட்ஸில் மாதக்கணக்கில் தங்கி, நூற்றுக்கு மேற்பட்ட வகுப்புகளில் அமர்ந்து கவனித்து, பெற்றோரையும் ஆசிரியரையும் மாணவரையும் வினவினார். அவர் நூல் 2003-இல் வெளிவந்தது. ஆசிரியர்கள் கறுப்பின மாணவரிடம் குறைவாகவே எதிர்பார்க்கின்றனர் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் மேலாக, மாணவர்கள் முயற்சியில் தளர்ந்திருக்கின்றனர். தாம் வெள்ளை மாணவரளவு உழைக்கவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கின்றனர். பெற்றோர் நல்ல ஊரில் வீடு வாங்கியதோடு தம் கடமை முடிந்தது, எஞ்சியது பள்ளியின் பொறுப்பு என்று இருந்துவிடுகின்றனர் என்று எழுதினார். அழைத்த பெற்றோர்க்கு இது பேரதிர்ச்சி. பாதிக்கப்பட்டோரையே குற்றவாளி ஆக்கிவிட்டார் என்று பலர் கண்டித்தனர். நூல் வெளிவந்த அவ்வாண்டு ஆகஸ்டில் ஓக்பு மறைந்தார், வாதமோ நின்றபாடில்லை.

அவரை வெறுத்து ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள் என்று வீடு வீடாகச் சென்று அழைத்தும் பத்துப் பேர்கூட வராத நாட்களை நம் கழகத்தார் அறிவர். கூலிவேலைக்குச் சென்று களைத்து வரும் தாய் வராததற்கு நியாயம் உண்டு. மாதச் சம்பளம் வாங்கும் நம் அலுவலர்களும் வராததற்கு என்ன சொல்வது? ஓக்பு கேட்ட கேள்வி கசப்பானதாயினும் கேட்கத் தக்கதே.

ஆனால் ‘இவன் உழைப்பதில்லை’ எனும் அவரது முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாதபடி, அப்பள்ளியிலேயே மற்றோர் ஆய்வு நிகழ்ந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரொனால்டு பெர்குசன், தாமும் கறுப்பினத்தவர், 1999-இல் ஏழாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களிடம் வினாத்தாள் வழங்கி விடை பெற்று ஆராய்ந்தார். கறுப்பின மாணவரின் சராசரித் தரம் ‘சி பிளஸ்’. வெள்ளை மாணவரின் சராசரித் தரம் ‘பி பிளஸ்’. இது முன்பே தெரிந்ததுதான். அவர் கண்ட புதுமை பின்வருவது: ஒரே தர வகுப்பில் படிக்கும் கறுப்பின மாணவனும் வெள்ளை மாணவனும் வீட்டுப் பாடத்தில் செலவிடும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கறுப்பின மாணவன் பாடத்தை முடிக்காமலே மறுநாள் வருகிறான்.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் ஆசிரியர் வீட்டுப் பாடக் குறிப்பேட்டைத் திறக்கிறார். பாதிக் கணக்கு போடப்படாமல் கிடக்கிறது. ‘சோம்பேறி’ என்கிறார். முந்தின இரவு அவன் ஒன்றரை மணி நேரம் அதே கணக்கோடு போராடியதை அவர் எங்ஙனம் அறிவார்? பக்கத்து இருக்கை மாணவன் ஆறாவது கணக்கில் தடுக்கியபோது தந்தையிடம் கேட்டான்; தந்தை பொறியாளர். இவன் ஆறாவது கணக்கில் தடுக்கியபோது கேட்க ஆளில்லை. ஆறாவதிலேயே இரவு கழிந்தது. நாளடைவில் ‘நான் முயலவே இல்லை’ என்று சொல்லிக்கொள்வது, ‘முயன்றும் முடியவில்லை’ என்று சொல்வதைவிட அவனுக்கே மானமாகத் தோன்றிவிடுகிறது. ஓக்புவிடம் மாணவர்கள் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தில் இத்தகைய மானமும் கலந்திருந்திருக்கும் என்றே, முப்பதாண்டு வகுப்பறையில் நின்ற அனுபவத்தால் நாம் கருதுகிறோம். பெற்றோரின் கல்வி, வீட்டிலுள்ள புத்தகங்கள் முதலிய வேறுபாடுகளையும் பெர்குசன் கணக்கில் கொண்டார். ஆசிரியர் வற்புறுத்துவதைவிட ஊக்கப்படுத்தும்போதே கறுப்பின மாணவர் மிகுதியாக உழைக்க முற்படுகின்றனர் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய செய்தி.

இவ்வாறு நோக்கும்போது ‘மேக்’ திட்டத்தின் அருமை பின்னும் விளங்கும். ஆறாவது கணக்கில் தடுக்கியவனுக்கு அருகில் அமர, அதே கணக்கை ஈராண்டுக்கு முன் போட்ட ஓர் அண்ணன் கிடைக்கிறான். நமது கழகத்தின் மாலைநேர வகுப்பில் கல்லூரி மாணவர்கள் வாரம் இரு நாள் வந்து அமர வேண்டும் என்று பல ஆண்டுகளாக நாம் மன்றாடி வருவதன் காரணம் இதுவே. ஊக்கவுரை ஆற்ற வருவோர் நம்மிடம் மிகுதி. கணக்குக் குறிப்பேட்டின் அருகில் ஒரு மணி நேரம் உட்காருவோர் குறைவு.

1999-இல், சிகாகோ அருகிலுள்ள எவன்ஸ்டன் எனும் புறநகர்ப் பள்ளியின் கண்காணிப்பாளர் முன்னின்று, இதே சிக்கலை எதிர்கொண்ட புறநகர்ப் பள்ளி மாவட்டங்கள் பலவற்றை ஒரு கூட்டமைப்பாக இணைத்தார். ஷேக்கர் ஹைட்ஸும் அதில் சேர்ந்தது. 2010-ஆம் ஆண்டு வாக்கில் பன்னாட்டுப் பாடத்திட்டமாகிய ‘ஐபி’யும் இப்பள்ளியில் இடம்பெற்றது. அட்டவணையில் திட்டங்கள் பெருகின. தர வகுப்புகளின் நிறம் மெல்லத்தான் மாறியது.

முடிவாக 2020-இல், பள்ளி மாவட்டம் துணிந்து ஒரு செயலைச் செய்தது. ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பெரும்பாலான பாடங்களில் தரப் பிரிவினையை நீக்கி, எல்லாரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, எல்லார்க்கும் மேல்தரப் பாடத்தையே கற்பிப்பது என்று முடிவு செய்தது. கொரோனா பெருந்தொற்றினால் வகுப்புகள் கணினித் திரையில் நடந்த காலம் அது. கலந்த வகுப்பைக் கையாளப் போதிய பயிற்சி தரவில்லை என்று ஆசிரியர் பலர் முறையிட்டனர். தம் பிள்ளைகளின் வேகம் குறையும் என்று பெற்றோர் சிலர் அஞ்சினர். அம்முறையீடுகளில் உண்மை உண்டு. வகுப்பில் நாற்பது பேரையும் ஒரே பாடத்தில் நடத்திச் செல்வது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல ஒஹாயோவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் மோர்லண்ட் பெற்றோர் கேட்ட அதே கேள்வியை இங்கும் கேட்கலாம். தரம் பிரித்திருந்த ஐம்பதாண்டுக் காலத்தில் கீழ் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் வேகம் குறைந்ததற்கு யார் முறையிட்டனர்?

மேல் வகுப்புகளில் ஏபி, ஐபி வகுப்புகள் நீக்கப்படவில்லை. 2020-இல் ஐந்தாம் வகுப்பில் கலந்த வகுப்பறையில் முதன்முதலாக அமர்ந்த குழந்தைகள், வகுப்பு தவறாமல் ஏறியிருந்தால், 2025-இல் பத்தாம் வகுப்பை அடைந்து, எந்தத் தரத்தில் சேர்வது என்று தாமே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்திருப்பர். அவ்வகுப்புகளில் சேரும் கறுப்பின மாணவரின் தொகையே இனி அங்கு எண்ணிப் பார்க்கப்படும்.